வீட்டுக் காப்புறுதி கமராவுக்கும் போதுமா?

கேள்வி (கல்லடி):
வாவிக்கரையில் பறவைப்படம் எடுக்கிறேன். ஒரு நிக்கோன் கமராவும் 200-500 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. லீவு கிடைத்தால் படமெடுக்கக் குமண, இல்லாவிட்டால் இங்கினியாகல. மார்கழி மழைக்கு எங்கள் ஒழுங்கையில் வெள்ளம் ஏறும். கொழும்புக்கு இரவு ரயிலில் போனால் பையைக் கட்டிப்பிடித்தபடிதான் நித்திரை. வீட்டுக் காப்புறுதி இருக்கிறது, அது காணுமா?

பதில் (அக்கரைப்பற்று):
காணும் என்று இருந்துவிடாதீர்கள் தம்பி. அது பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் வரைக்கும்தான். தனிப்பொருள் ஒன்றுக்கு உச்சவரம்பும் இருக்கும். கமராவையும் லென்ஸையும் தொடரிலக்கத்தோடு தனித்தனியே எழுதி, வெளியிலும் செல்லுபடியாகும் 'ஓல் ரிஸ்க்' (விலக்கியவை தவிர எல்லா இடர்களுக்குமான) காப்புறுதி கேளுங்கள். வெள்ளம் சேருமா என்பதை எழுத்திலேயே வாங்குங்கள். பிரீமியத்துக்குப் பயந்து பெறுமதியைக் குறைக்கவும் வேண்டாம். 6 லட்சப் பொருளை 3 லட்சம் என்று எழுதினால், பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி என்று கணக்கிட்டு, 1 லட்சம் சேதத்துக்கு 50,000தான் தருவார்கள். பல ஒப்பந்தங்களில் இந்த விதி உண்டு.

பதில் (களுவாஞ்சிகுடி):
கல்யாணவீட்டுப் படம் எடுத்துக் காசு வாங்குவதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள் அண்ணா. பொழுதுபோக்கு என்று பதிந்ததைத் தொழிலுக்குப் பாவித்தால் இழப்பீட்டை மறுக்கலாம். வாகனத்துக்குள் ஆளில்லாமல் கமராவை விட்டுத் தொலைந்தாலும் கஷ்டம். லென்ஸில் பூஞ்சை பிடிப்பது வழமையாகச் சேராது. நம்மட உப்புக்காற்றுக்கு, காற்றுப் புகாத பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும்தான் காவல்.

கேட்டவர்:
மெத்தப் பெரிய உதவி. காசுக்கு எடுப்பதில்லை. லென்ஸில் பொறித்த இலக்கத்தைப் படமெடுத்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பற்றுச்சீட்டில்தான் எழுத்து மங்கிவிட்டது.

பதில் (அக்கரைப்பற்று):
வாங்கின கடையில் நகல் கேளுங்கள், தொடரிலக்கமும் போட்டுத் தரச் சொல்லுங்கள். களவு போனால் முதல் வேலை பொலிஸ் முறைப்பாடு.