செஷயர் குளங்களில் கிரெஸ்டட் நியூட்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

குளத்தங்கரை (செஷயர்):
இங்கிலாந்தில் எங்கள் பக்கம் மாடு மேயும் புல்வெளிக்கு நடுவே, மரம் சூழ்ந்த சின்னச் சின்னக் குளங்கள் நிறைய உண்டு. வயலுக்குப் போடுவதற்காக மார்ல் என்ற சுண்ணாம்புக் களிமண்ணை அந்தக் காலத்து உழவர்கள் வெட்டி எடுத்த குழிகள்தான் பெரும்பாலும் அவை. தவளை இனத்தைப்போல நீரிலும் நிலத்திலும் வாழும், பல்லி போல வாலுள்ள நியூட்டுகளுக்கு இன்று பிறந்த வீடே அதுதான்.

ஏப்ரலில் ஒரு ராத்திரி, உரிமம் வைத்திருக்கும் கணக்கெடுப்பாளர் ஒருவருடன் போனேன். நாமாகப் போய்ப் பிடிக்கவோ தொந்தரவு செய்யவோ கூடாது. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படியே கிரெஸ்டட் நியூட் பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

டார்ச் வெளிச்சத்தில் முதலில் தெரிந்தவை சாதாரண ஸ்மூத் நியூட்டுகள், பத்து சென்டிமீட்டருக்குள் அடங்குபவை. அப்புறம் கரையோரப் பாசிக்குள்ளிருந்து பெரிய ஆண் கிரெஸ்டட் ஒன்று வந்தது. இவை 17 சென்டிமீட்டர் வரை வளரும். கறுத்த, சொரசொரப்பான தோல், விலாவில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். முதுகு நெடுக ரம்பப் பல் போன்ற கொண்டை ஓடி, வால் தொடங்கும் இடத்தில் அறுந்து, மறுபடி வாலில் எழுகிறது. வாலின் நடுவே வெள்ளிப் பட்டை. அது திரும்பியபோது அடிவயிற்றின் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அதில் உள்ள கறுப்புத் திட்டுகள் ஒன்றுக்கு இருப்பதுபோல் இன்னொன்றுக்கு இருக்காதாம். படம் எடுத்துவைத்து ஆளை அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள்.

பெண் ஒன்று பக்கத்தில் வந்ததும் ஆண் முதுகை வளைத்து, வாலை அதன் முகத்துக்கு நேராக ஆட்டத் தொடங்கியது. பிடித்து இறுக்குவதெல்லாம் இல்லை. விந்துப் பொதியைக் குளத்துத் தரையில் வைக்கும். பெண்ணுக்குப் பிடித்திருந்தால் அதன்மேல் நகர்ந்து எடுத்துக்கொள்ளும். நான் பார்த்தபோது பெண் கண்டுகொள்ளாமல் போய்விட்டது. ஆனாலும் அந்த ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

மழைக்குயில் (பீட்டர்பரோ):
அண்ணா, படிக்கும்போதே பொறாமையாக இருக்கிறது. எங்கள் ஊரில் செங்கல்லுக்குக் களிமண் தோண்டிய ஆர்ட்டன் பிட் இருக்கிறது. நாட்டிலேயே மிகப்பெரிய கிரெஸ்டட் நியூட் கூட்டம் அங்கேதான். வழிநடத்திக் கூட்டிப்போன ஒரு நடையில் நான் பார்த்தது பெண் முட்டையிடுவதை.

கொண்டை கிடையாது, வாலுக்கு அடியில் மஞ்சள் கோடு மட்டும். நீர்ச்செடி இலை ஒன்றைப் பின்னங்கால்களால் மடித்து, நடுவில் ஒரே ஒரு முட்டை வைத்து, அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. முட்டையின் பசையே இலையை ஒட்டிவிடுகிறது. ஒரு பருவத்துக்கு இருநூறு, முந்நூறு முட்டை. அத்தனைக்கும் இப்படித் தனித்தனி இலை!

எனக்கு மனசு கனத்தது அதற்கடுத்து கேட்ட விஷயத்தில். அதில் சரிபாதி பொரிக்கவே பொரிக்காதாம். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில், இவற்றின் முதலாவதில் இரண்டு வகை உண்டு. வகைக்கு ஒன்றாகக் கிடைத்த கரு பிழைக்கும்; ஒரே வகை இரண்டாகச் சேர்ந்துவிட்டால் முட்டைக்குள்ளேயே இறந்துபோகும். தாய் எவ்வளவு கவனமாகச் சுற்றி வைத்தாலும் இதை மாற்ற முடியாது. மடித்த இலையைக் கண்டால் தயவுசெய்து பிரித்துப் பார்க்காதீர்கள். மிஞ்சும் பாதியாவது பிழைக்கட்டும்.

வடக்குவாசல் (லீட்ஸ்):
எனக்குக் கிடைத்தது தண்ணீரில் இல்லை. அக்டோபரில் தோட்டத்துக் கல்பலகையைத் தூக்கினால், அடியில் கறுப்பாகச் சுருண்டு ஒன்று கிடந்தது. கொண்டை ஒன்றும் இல்லை. செத்துவிட்டதோ என்று பயந்தேன். எடுத்து எங்கள் குளத்தில் விட்டிருக்க வேண்டுமா அண்ணா? குளத்தில் தங்கமீன் வளர்க்கிறோம்.

குளத்தங்கரை:
விடாதது நல்லது தம்பி. குளிர்காலத்தில் அவை நிலத்தில்தான், கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் கிடக்கும். ஆணின் கொண்டையும் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சுருங்கிவிடும். பலகையை இருந்தபடியே மெதுவாக மூடிவிடுங்கள்.

தங்கமீன்தான் பிரச்சினை. ஸ்மூத் நியூட்டின் குஞ்சு செடிக்குள் பதுங்கியிருக்கும். கிரெஸ்டட் குஞ்சோ, வெளியே நீட்டிய செவுள்களோடு நடுத்தண்ணீரில் வெட்டவெளியாக நீந்தும். மீன் உள்ள குளத்தில் ஒன்றுகூடத் தப்புவது கஷ்டம். இடம் இருந்தால் மீன் விடாமல் இன்னொரு சின்னக் குளம் வெட்டுங்கள், ஓரத்தில் வாட்டர் ஃபர்கெட்-மீ-நாட் என்ற நீர்ச்செடியை நடுங்கள். அதன் இலை மடிக்க வாகாக இருக்கும்.