படகா, தோணியா? இரண்டாம் வகுப்புக்கு முதலில் எழுத்தா, கதையா?

உப்பளத்து டீச்சர்:
நாகை மாவட்டக் கடலோரத்தில் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. போன வாரம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் படக்கதைப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தான். ஒரு பக்கத்தில் ‘படகு’ என்று அச்சிட்டிருந்தது. அவன் கணீரென்று ‘தோணி’ என்றான். விரல் சரியாக அந்தச் சொல்லின் மேலேயே இருந்தது!

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. பையன் படத்தைத்தான் வாசிக்கிறான். கதைப் புத்தகத்தைக் கொடு, ஆர்வம் தானாக வரும் என்று பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் சொல்கிறார்கள். எழுத்தே தெரியாதவனுக்கு ஆர்வம் வந்து என்ன பயன்? முதலில் எழுத்து, அப்புறம்தான் கதை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

திண்ணைப்பள்ளி:
மறுக்கிறேன் டீச்சர். தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தும் அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வி 2021-இல் தொடங்கியதிலிருந்து மாலை வகுப்பு எடுத்திருக்கிறேன். உங்கள் பையன் தப்புச் செய்யவில்லை. கதை அவனுக்குப் புரிந்திருக்கிறது. அவன் வீட்டில் அது தோணிதான். ‘தோணி’ என்று பலகையில் எழுதிக் காட்டி அங்கிருந்தே தொடங்கியிருக்கலாமே? அவன் வாயில் இருக்கும் சொல் அவன் கண்ணில் சீக்கிரம் ஒட்டும்.

உப்பளத்து டீச்சர்:
கேட்க நன்றாக இருக்கிறது. ‘தோ’ எப்படி எழுதுகிறோம் என்று பாருங்கள். இடப்பக்கம் இரட்டைக் கொம்பு, நடுவில் த, வலப்பக்கம் கால். முதலில் எழுதும் கொம்பு கடைசியில்தான் ஒலிக்கிறது. ட, ப, ம-வில் தடுமாறுகிறவனுக்கு இது மலை. ‘படகு’ அப்படியில்லை: ப, ட, கு, வரிசையாக வாசித்துவிடலாம். ட, ப, ம-வில் தொடங்கிப் படம், மடம், பட்டம் என்று போகிற பழைய முறையை ஏதோ சும்மா வைக்கவில்லை.

திண்ணைப்பள்ளி:
தன் பெயரை மட்டும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் எழுதிவிடுகிறார்களே. அதில் கொம்பும் கொக்கியும் இல்லையா?

உப்பளத்து டீச்சர்:
பெயரை எழுதுகிறவனிடம் அதிலுள்ள ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் முழிப்பார்கள். பெயரும் அவர்களுக்கு ஒரு படம்தான்.

பென்ஷன் வாத்தியார்:
இருவருக்கும் வணக்கம். நான் ஆடிய ஆட்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. பாடத்தைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, அட்டை, பிள்ளைகள் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. அவனவன் வேகத்துக்கு அட்டையை எடுத்துப் போகலாம். நல்ல யோசனைதான், இன்றும் சொல்வேன். ஆனால் அட்டையை முடிப்பதே படிப்பு என்று ஆகிவிட்டது. “சார், நான் அடுத்த படிக்குப் போயிட்டேன்” என்பான். என்ன படித்தாய் என்றால் தலையைச் சொறிவான். பிறகு 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. பிள்ளைகளை எட்டிய நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பெயர் அழகு. ‘மலர்’ கணக்கு எத்தனை என்று மேலே இருந்து கேட்கும்போது அழகு கொஞ்சம் போய்விடும்.

இன்னொன்று. 247 எழுத்து என்று யாரும் பயமுறுத்த வேண்டாம். கால், கொம்பு, சங்கிலிக் கொம்பு எல்லாம் சேர்த்துக் குறி வகை பதினொன்றுதான். உண்மையில் இடறுவது உகர, ஊகார வரிசை. கு, சு, டு, து நான்கையும் எழுதிப் பாருங்கள். ஒன்றின் வால் போல இன்னொன்றின் வால் இல்லை. மெனக்கெட வேண்டிய இடம் அதுதான். (1978-க்கு முன் லை, னை-க்கு யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி வேறு இருந்தது. பிழைத்தீர்கள்.)

காவேரிக்கரை:
நான் ஆசிரியை இல்லை, இரண்டு பெண்களின் அம்மா. பெரியவள் படித்த பள்ளியில் ஒரு புத்தகம் முடித்தால் ஒரு சாக்லேட். அவள் என்ன செய்தாள் தெரியுமா? அலமாரியில் உள்ளதிலேயே ஒல்லியான புத்தகமாகப் பொறுக்கி எடுத்தாள். ஒரே வாரத்தில் ஒன்பது! சாக்லேட் நின்றது, வாசிப்பும் நின்றது. சின்னவளுக்குப் பரிசெல்லாம் கிடையாது. அவள் பாட்டி ராத்திரி ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டுவார். பாட்டி ஒரு வரியைத் தாண்டினால் அவளே பிடித்துவிடுவாள்.

திண்ணைப்பள்ளி:
அம்மா, நான் சொல்ல நினைத்ததை உங்கள் அத்தையோ அம்மாவோ செய்துகொண்டிருக்கிறார். டீச்சர், இதையும் யோசியுங்கள். பிள்ளை வீட்டில் ‘மழ பேயுது’ என்கிறான். புத்தகம் ‘மழை பெய்கிறது’ என்கிறது. அந்தத் தமிழ் அவன் காதிலேயே விழுந்ததில்லை. எழுத்துக் கூட்டி ‘பெய்கிறது’ என்று முடித்தாலும் அது தனக்குத் தெரிந்த மழைதான் என்று உறைக்காது. கதையை உரக்க வாசித்துக் காட்டுவது ஆர்வத்துக்கு மட்டுமில்லை. எழுத்துத் தமிழைக் காதுக்குப் பழக்க ஏழைப் பிள்ளைக்கு வேறு வழி என்ன இருக்கிறது?

உப்பளத்து டீச்சர்:
இது சரி. ஒப்புக்கொள்கிறேன். வாசித்துக் காட்டுவதை நான் எதிர்க்கவே இல்லை. கேட்பதை வாசிப்பு என்று கணக்கெழுதுவதைத்தான் எதிர்க்கிறேன். கதை கேட்ட பிள்ளைக்குக் கதை பிடிக்கும். எழுத்து அதனாலேயே வந்துவிடாது. மூன்றாம் வகுப்பில் எனக்கு இப்போது நாலு பேர் இருக்கிறார்கள். கதை சொன்னால் கண் விரியும், புத்தகத்தைத் திறந்தால் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பார்கள்.

பென்ஷன் வாத்தியார்:
அந்த ஒன்றுக்கு அனுமதி எனக்கு நன்றாகத் தெரியும் அம்மா.

காவேரிக்கரை:
பள்ளியில் நூலகப் பாடவேளை இருக்கிறதே, அப்போது பிள்ளைகள் எடுத்துப் படிக்க முடியாதா?

பென்ஷன் வாத்தியார்:
இருக்கிறது. பீரோவும் இருக்கிறது, சாவி தலைமையாசிரியர் மேஜையில். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். புத்தகம் குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம். கிழிந்த புத்தகத்துக்கு விளக்கம் கேட்பார்கள். புதுசாகவே பத்து வருஷம் கிடந்த புத்தகத்துக்கு யாரும் கேட்டதில்லை. அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றையாவது கயிற்றில் தொங்கவிடுங்கள். கிழியட்டும்.

திண்ணைப்பள்ளி:
டீச்சர், ஒரு பந்தயம். அதே புத்தகத்தை நாலு நாள் வாசித்துக் காட்டுங்கள். ஐந்தாம் நாள் படத்தை மறைத்துவிட்டு அவனிடம் கொடுங்கள்.

உப்பளத்து டீச்சர்:
நான் தினமும் பத்து நிமிடம் ககர வரிசையும் சேர்த்து நடத்துவேன். அதற்குச் சம்மதமா?

திண்ணைப்பள்ளி:
சம்மதம். யார் ஜெயித்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்போம் என்றுதான் தெரியவில்லை.

உப்பளத்து டீச்சர் (இரண்டு வாரம் கழித்து):
காய்ச்சல், உள்ளூர் விடுமுறை என்று தள்ளிப்போய் இன்றுதான் நடந்தது. படத்தின் மேல் டஸ்டரை வைத்து மறைத்தேன். விரலை வைத்தான். “ப… ட…” வெகுநேரம் நின்றான். “…கு.” மூன்றையும் சேர்த்து மறுபடி மெதுவாக, “படகு.” கொஞ்சம் யோசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். “டீச்சர், நம்ம தோணியா?”

அடுத்த பக்கத்தில் ‘துடுப்பு’. து அவனுக்கு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம்.