பிழை இல்லை என்று வந்த அறிக்கை: எச்.டி.எம்.எல். சரிபார்ப்பு நிரலகங்களோடு எங்கள் அனுபவம்

இதழ்க்காப்பாளன் எழுதியது:

ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றிப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. பக்கங்கள் ஆயிரத்துக்கும் மேல். பக்கங்களை அமைக்கும் எச்.டி.எம்.எல். குறியீட்டைச் சரிபார்க்க, தொடக்கத்தில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொதுச் சேவைக்கு ஒவ்வொரு பக்கமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். மொத்தமாக அனுப்புகிறவர்கள் ஒரு கோரிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 1 வினாடியாவது விட வேண்டும் என்பது அவர்களுடைய வேண்டுகோள், அது நியாயமானதுதான். ஆயினும், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் ஆயிரம் பக்கங்களைப் பிறர் சர்வரின் மீது ஏற்றுவது எனக்கே கூச்சமாக இருந்ததால், அதே வேலையை நம் கணினியிலேயே செய்யும் நியூ எச்.டி.எம்.எல். செக்கருக்கு மாறினேன். ஹென்ரி சிவோனென் தொடங்கிய இந்த ஜாவா நிரல் ஒரே ஜார் கோப்பாக, அதாவது ஒரே பொதியாகக் கிடைக்கிறது. கட்டளை வரியிலும் ஓட்டலாம், நம் நிரலிலிருந்தும் அழைக்கலாம், விடையைப் பிற நிரல்கள் படிக்கத்தக்க ஜேசன் வடிவிலும் பெறலாம்.

முதல் ஓட்டத்தில் வந்த பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்துப் போனேன். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை என்பது சற்று நேரத்தில் புரிந்தது. பத்திக்கான டேக்கை (ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறி) திறந்து, அதற்குள் ஒரு பட்டியலை வைத்து, பட்டியலுக்குப் பின் பத்தியை மூடுவது எங்கள் பழைய வார்ப்புருவின் வழக்கம். பட்டியலின் டேக்கைக் கண்ட உடனேயே உலாவி பத்தியைத் தானாக மூடிவிடுகிறது. ஆகவே கடைசியில் நாம் எழுதும் மூடும் டேக்குக்குத் திறப்பு என்று எதுவுமே இல்லை. 'திறந்த பத்தி இல்லாமல் மூடும் டேக் காணப்படுகிறது' என்று நிரல் குறைகூறியது அதைத்தான். அநாதையான அந்த மூடும் டேக்கை உலாவி வீசி எறிவதும் இல்லை. அதற்கென ஒரு வெற்றுப் பத்தியை உருவாக்கி வைக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் எங்கள் நடைத்தாளில் பத்திகளுக்கு அடியில் பேடிங் எனும் உள்ளிடைவெளி இருந்ததால், ஒவ்வொரு பட்டியலுக்குக் கீழும் காரணம் தெரியாத ஓர் இடைவெளி இரண்டு ஆண்டுகளாக இருந்துகொண்டே வந்தது. அதை எழுத்துருவின் கோளாறு என்றே நம்பியிருந்தேன்.

இவற்றையெல்லாம் திருத்தி முடித்தபின், எஞ்சிய எச்சரிக்கைகள் தொந்தரவாகத் தோன்றியதால், பிழைகளை மட்டும் காட்டச் சொல்லும் 'எரர்ஸ்-ஒன்லி' விருப்பத்தைச் சேர்த்தேன். மறுநாள் முதல் அறிக்கை சுத்தமாக வந்தது. பல மாதங்கள் அப்படியே வந்தது.

ஒரு நாள் வாசகர் ஒருவர், எங்கள் தேடல் பெட்டியில் 'கொற்கை' என்று தட்டினால் இரண்டே கட்டுரைகள் வருகின்றன என்றும், தாம் அறிந்தே குறைந்தது ஏழு இருக்கின்றன என்றும் எழுதினார். கட்டுரையைத் திறந்து பார்த்தால் சொல் கண்ணெதிரே இருக்கிறது. தேடலுக்கு மட்டும் அகப்படவில்லை. எதற்கும் பார்க்கலாம் என்று அந்த ஒரு பக்கத்தை 'எரர்ஸ்-ஒன்லி' இல்லாமல் ஓட்டினேன். அந்த வரிக்கு நேராக, இந்த உரை யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்தில் (இணைக்கக்கூடிய குறிகளை ஒன்றாக இணைத்து எழுதும் வடிவம்) இல்லை, இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி, நகலெடுத்து ஒட்டிக்கொள்ளத் தயாராகத் திருந்திய உரையையும் நிரல் தந்திருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு புள்ளி வேறுபாடும் இல்லை.

வேறுபாடு உள்ளே இருந்தது. 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக (யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) வரலாம். ஒற்றைக்கொம்பும் காலும் இரண்டு தனிக் குறியெண்களாகவும் வரலாம். முதல் வகையில் யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் 6 பைட்டுகள், இரண்டாவதில் 9. எங்கள் இதழ்கள் முதலில் பழைய தட்டச்சு எழுத்துரு ஒன்றில் கொம்பு, ககரம், கால் என்ற பார்வை வரிசையில் அடிக்கப்பட்டவை. அதை யூனிகோடுக்கு மாற்றிய கருவி கொம்பைத் தூக்கி ககரத்துக்குப் பின்னால் வைத்ததோடு நின்றுவிட்டது. காலோடு அதை இணைக்கவில்லை. எங்கள் தேடலோ குறியெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும் எளிய நிரல். பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியில் உள்ள இயல்பாக்கச் செயற்கூறைக் கொண்டு எல்லாக் கோப்புகளையும் ஒரே மாலையில் சரிசெய்துவிட்டேன். ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதில் ளகர எழுத்தையே அடித்து வைத்திருந்த 'கௌரவம்' போன்ற சொற்களை மட்டும் அதனால் திருத்த முடியவில்லை. அது எழுத்துப் பிழை, எந்தச் சரிபார்ப்பு நிரலும் அதைக் கண்டுகொள்ளாது.

நிரலின் வாயைப் பொத்தியவன் நான். அது பேசவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ள எனக்கு உரிமையில்லை. உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் பகிருங்கள்.

வெறுங்கோப்பு எழுதியது:

ஐயா, என்னுடையது இதைவிட வெட்கக்கேடு. அதே ஜார் கோப்பை ஒவ்வோர் இரவும் ஓட்டி, வெளியீட்டை ஓர் உரைக் கோப்பில் சேமித்து, கோப்பின் அளவு சுழியமாக இருந்தால் 'எல்லாம் நலம்' என்று குழுவுக்கு அஞ்சல் அனுப்பும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். மூன்று வாரம் எல்லாம் நலமாகவே இருந்தது. அந்த நிரல் தன் செய்திகளை இயல்பாகப் பிழை வெளியீட்டுப் பாதையில்தான் அனுப்பும் என்பதும், நான் கோப்புக்குத் திருப்பிவிட்டது வழக்கமான வெளியீட்டை என்பதும் பிறகுதான் தெரிந்தது. கட்டளையில் 'எஸ்.டி.டி.அவுட்' விருப்பத்தைச் சேர்த்த இரவு வந்த கோப்பு 212 வரிகள். அதை அஞ்சலில் இணைத்து அனுப்பும் முன் ஒரு தேநீர் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோப்புக்கு ஒரு முறை ஜாவாவைக் கிளப்பாதீர்கள். கோப்புறையின் பெயரை ஒரே முறை கொடுத்தால் போதும். நேரமெல்லாம் சரிபார்ப்பில் அல்ல, கிளம்புவதில்தான் போகிறது.

பிஎச்பி பாட்டன் எழுதியது:

எங்களிடம் ஜாவா நிறுவ அனுமதி இல்லை. ஆகவே பிஎச்பி மொழியிலேயே உள்ள டாம்டாக்குமென்ட் வகுப்பைக் கொண்டு பக்கத்தை ஏற்றி, அது எழுப்பும் குறைகளைப் பட்டியலிடும் வழியை மேற்கொண்டேன். அதன் அடியில் இயங்கும் லிப்எக்ஸ்எம்எல்2 நிரலகம், எச்.டி.எம்.எல். 4 காலத்து நினைவோடு எழுதப்பட்டது. செக்ஷன், நாவ், ஆர்ட்டிகிள் போன்ற டேக்குகள் ஒவ்வொன்றையும் 'செல்லாத டேக்' என்று 801 என்ற எண்ணுடன் அறிவிக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் இந்த இரைச்சல் தாங்காமல், அழைப்புக்கு முன்னால் ஒரு 'அட்' குறியை இட்டு எல்லாவற்றையும் அடக்கிவிட்டிருந்தார். நான் அந்தக் குறியை நீக்கி, பிழைகளை உள்ளேயே சேகரிக்கச் செய்து, 801 என்ற எண்ணை மட்டும் கழித்தேன். அப்போதுதான் ஒரே அடையாளப் பெயர் இரண்டு படிவ உறுப்புகளுக்கு இருப்பதும், அதனால் சரிபார்ப்புச் செய்தி தவறான கட்டத்தின் கீழ் தோன்றுவதும் வெளிப்பட்டன.

அதே வகுப்பு செய்த இன்னொரு வேலையைத் தமிழில் தளம் நடத்துவோர் தெரிந்துகொள்வது நல்லது. ஏற்றப்படும் துண்டில் குறியாக்கம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது ஐஎஸ்ஓ-8859-1 (ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற பழைய லத்தீன் குறியாக்கம்) என்று எடுத்துக்கொள்ளும். யு.டி.எஃப்.-8-இல் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு. ஆகவே ஒவ்வொன்றும் மூன்று லத்தீன் குறிகளாக உடையும். தகரத்தைக் கொடுத்தால், தலையில் சாய்கோடிட்ட சிறிய ஏ, வட்டத்துக்குள் ஆர், பொது நாணயக் குறி என மூன்று திரும்பி வந்தன. பக்கம் முழுவதும் அந்த வட்டத்து ஆர் வரிசைகட்டி நின்றதைப் பார்த்த எங்கள் உள்ளடக்க ஆசிரியர், எல்லாச் சொற்களுக்கும் வணிகமுத்திரை வாங்கிவிட்டோமா என்று கேட்டார். 2024 நவம்பரில் வெளியான பிஎச்பி 8.4-இல் எச்.டி.எம்.எல். 5-ஐ அறிந்த புதிய வகுப்பு வந்திருக்கிறது. மாற முடிந்தவர்கள் மாறிவிடுங்கள்.

கரைவழி எழுதியது:

பைட்டுக் கணக்கு வந்ததால் என் சிறு அனுபவம். குறியாக்கத்தை அறிவிக்கும் மெட்டா டேக், ஆவணத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது விதி. எங்கள் வார்ப்புருவின் தொடக்கத்தில் உரிமக் குறிப்பு ஒன்று தமிழில், கருத்துரையாக இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தவரை பக்கம் தேறியது. தமிழாக்கிய அன்றே செக்கர் பிழை காட்டியது. சுமார் 340 தமிழ்க் குறியெண்களிலேயே 1024 தீர்ந்துவிடுகிறது. மெட்டா டேக்கை உரிமக் குறிப்புக்கு மேலே ஏற்றினேன், முடிந்தது.

இதழ்க்காப்பாளன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இப்போது 'எரர்ஸ்-ஒன்லி'-யை எடுத்துவிட்டு, எச்சரிக்கை வந்தாலும் ஓட்டத்தைத் தோல்வியாகக் கணக்கிடும் 'டபிள்யூ-எரர்' விருப்பத்தைப் போட்டிருக்கிறேன். முதல் இரவே ஒரு பக்கத்தில் தோற்றது. அந்தப் பழைய எழுத்துருவில் கொம்பும் காலும் எப்படித் தனித்தனியே அடிக்கப்பட்டன என்பதை விளக்கும் கட்டுரை அது. அங்கே பிரிந்த வடிவம் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட செய்தியை மட்டும் வடிகட்டும் விருப்பமும் நிரலில் உண்டு. ஆனால் இவ்வளவுக்குப் பிறகு இன்னொரு வடிகட்டியைப் போட எனக்கு மனம் வரவில்லை. அந்த எடுத்துக்காட்டு வரியைப் படமாக்கி, படத்துக்கு மாற்றுரை தரும் ஆல்ட் பண்பில் விளக்கத்தை எழுதி ஏற்றிவிட்டேன்.