மூன்று கிலோ ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா? குழலை வாங்கிவிட்டோம், இப்போது குழப்பம்

பீன்யா கடைசல்காரன்:
வணக்கம். பெங்களூர் பீன்யாவில் சின்னதாக ஒரு லேத் பட்டறை நடத்துகிறேன். துப்பாக்கி சுட்டதே இல்லை. "உனக்குத்தான் இரும்பு தெரியுமே" என்று சொல்லி அத்தான் இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

அக்காவும் அத்தானும் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் உள்பகுதியில் ஓர் ஆட்டுப்பண்ணையில் இருக்கிறார்கள். ஜூலையில் ஆடுகள் குட்டி போடும். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குட்டியின் நாக்கையும் வாலையும் நரி தின்றுவிட்டுப் போய்விடுகிறது. குட்டி உயிரோடு கிடக்கும். அக்கா ஒரு முறை படம் அனுப்பினாள். இனி அனுப்பாதே என்று சொல்லிவிட்டேன்.

அத்தான் சொந்தமாக ஒரு லேசான ரைஃபிள் செய்து வாங்கப் போகிறார். அவர் கையில் இருப்பது ஒரு பழைய சாகோ விக்ஸன் ஆக்‌ஷனும், துப்பாக்கி செய்பவர் மலிவாகக் கொடுத்த, .224 அங்குலக் குண்டுக்கான குழலும். ஆக்‌ஷன் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டிச் சுடும் இயந்திரப் பகுதி. குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிகளின் முறுக்கு 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தோட்டா அறை இன்னும் குடையவில்லை. ஸ்கோப் உட்பட மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. இரவில் தோளில் மாட்டிக்கொண்டு வேலியோரமாக நடக்க வேண்டும். அவருக்கு 22-250 ரெமிங்டன் என்ற தோட்டா மேல் ஆசை. 55 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,120 மீட்டர் போகிறதாம். சரியான தேர்வா?

சுபேதார், அல்சூர்:
தம்பி, வேகத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் அந்த போல்ட்டின் முகத்தில் தோட்டாவின் அடி உட்காரும் குழியை அளக்கச் சொல்லுங்கள். விக்ஸன் சின்னத் தோட்டாக்களுக்காகவே செய்த ஆக்‌ஷன். குழி 9.6 மில்லிமீட்டர் சொச்சம் இருக்கும். 22-250இன் அடி 12 மில்லிமீட்டர். அது 1915இல் வந்த 250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது, ரெமிங்டன் நிறுவனம் 1965இல் கடைக்குக் கொண்டுவந்தது. சின்ன போல்ட்டின் முகத்தைக் குடைந்து பெரிதாக்கி அதில் பெரிய தோட்டா போடுகிறேன் என்று எவராவது சொன்னால், அவர் சுடும்போது நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள்.

விக்ஸன் என்றால் பெண் நரி என்று பொருள். நரிக்கு நரியையே அனுப்புகிறார் உங்கள் அத்தான்.

பீன்யா கடைசல்காரன்:
ஐயா, அளந்து அனுப்பிவிட்டார். 9.65. ஆசாமிக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அவரை ஆறுதல்படுத்த உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். குண்டும் வெடிமருந்துப் புகையும் முன்னால் போகும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவும் பின்னால் தோளுக்கு வரும். மூன்று கிலோ ரைஃபிளில் 22-250 போட்டால் பின்னுதைப்பு ஏறத்தாழ 9 ஜூல். அந்தச் சின்ன போல்ட்டில் உட்காரும் .222 ரெமிங்டன், 50 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 957 மீட்டர் என்றால் 4.5 ஜூல். சரிபாதி. தோள் வலிக்காது என்பது தவிர இதில் வேறென்ன லாபம் என்று கேட்கிறார்.

டப்போவிலிருந்து திரும்பியவன்:
நான் பதில் சொல்கிறேன். ஒன்பது வருடம் அதே நியூ சவுத் வேல்ஸில் டப்போ நகரத்துப் பக்கம் இருந்துவிட்டு இப்போது ஒயிட்ஃபீல்டில் குடியிருக்கிறேன். தோள் வலிக்கும் அளவு உதை இரண்டிலுமே கிடையாது. கண்தான் விஷயம்.

இரவில் ஒருவர் விளக்கு பிடிப்பார், இன்னொருவர் சுடுவார். லேசான ரைஃபிளில் 22-250 சுட்டால் ஸ்கோப் துள்ளி வானத்தைப் பார்க்கும். அது கீழே இறங்குவதற்குள் நரி விழுந்ததா, ஓடியதா, குண்டு அதற்கு முன்னால் மண்ணில் பட்டதா, எதுவும் தெரியாது. பிறகு புல்லுக்குள் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். காயத்தோடு ஓடிய நரியைத் தேடி நான் ஒரு விடியற்காலை முழுவதையும் செலவழித்திருக்கிறேன். .222இல் படம் கொஞ்சம் அசையும், அவ்வளவுதான். குண்டு பட்டதைச் சுட்டவனே பார்த்துவிடுவான்.

தூரத்துக்கும் அவ்வளவு வேகம் தேவையில்லை. அடிபட்ட முயல் கத்துவதுபோல் சீட்டி ஊதினால் நரி எண்பது, நூறு மீட்டருக்கு வந்துவிடும். 180 மீட்டரில் சரியாகப் படும்படி வைத்தால், 100 மீட்டரில் .222 ஐந்து சென்டிமீட்டர் மேலே படும். நரியின் நெஞ்சுக்கு அது பொருட்டே இல்லை.

வேகப்பிரியன்:
.204 ரூகரை ஏன் யாரும் பேசவில்லை? 2004இல் வந்தது, 32 கிரெய்ன் குண்டு விநாடிக்கு 1,288 மீட்டர். இதன் அடி .222 குடும்பம்தான், அந்த போல்ட்டிலேயே உட்காரும். உதைப்பும் குறைவு.

பீன்யா கடைசல்காரன்:
உட்காரும் அண்ணா. ஆனால் குழல் .224. துளையை அகலமாக்க என்னால் முடியும். சுருக்க எந்த லேத்திலும் முடியாது. அத்தானிடம் இன்னொரு குழலுக்குக் காசு கேட்டால் அக்கா என்னைத்தான் பிடிப்பாள்.

ஒரு சந்தேகம். இந்தக் கிரெய்ன் எவ்வளவு? குன்றிமணியா?

சுபேதார், அல்சூர்:
குன்றிமணியில் ஏறத்தாழ பாதி. 50 கிரெய்ன் 3.24 கிராம். உங்கள் பாட்டி தாலிக்கு நிறுத்த தங்கத்தைவிடக் குறைவு.

விவேக்நகர் வாசகி:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். வேட்டை தடை செய்யப்பட்டதுதானே? எப்படி இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறீர்கள்?

டப்போவிலிருந்து திரும்பியவன்:
நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது அம்மா. இங்கே நரியைச் சுட்டால் சிறைதான். அங்கே நரியும் முயலும் அந்நிய விலங்குகள். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் பொழுதுபோக்குக்கு வேட்டையாட இங்கிலாந்திலிருந்து இருபத்து நான்கு முயல்களை வரவழைத்தார். அதன் பலனை அந்தக் கண்டம் இன்னும் அனுபவிக்கிறது. நரியையும் அதே வெள்ளைக்காரர்கள்தான் குதிரையேறித் துரத்த வரவழைத்தார்கள். ஆனாலும் உரிமம் கட்டாயம். சாதாரண .22 போன்றவற்றுக்கு ஏ பிரிவு, இந்த வகைத் தோட்டாவுக்கு பி பிரிவு. 1996க்குப் பிறகு விதிகள் மிகவும் இறுகிவிட்டன.

சுபேதார், அல்சூர்:
இங்கே உரிமம் கிடைத்தாலும் தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. என் பெரியப்பாவிடம் இஷாபூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் இருந்தது. சிப்பாயின் தோட்டா குடிமக்களுடைய துப்பாக்கியில் நுழையக் கூடாது என்று வெள்ளைக்காரன் நினைத்தான். அதனால் பிறந்த அளவு. அதைத் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தவனுக்குத்தான் உங்கள் அத்தானின் மூன்று கிலோ அருமை தெரியும்.

பீன்யா கடைசல்காரன்:
ஆக .222 அல்லது .223, இரண்டில் ஒன்று. இரண்டும் அந்த போல்ட்டில் உட்காரும், இரண்டுக்கும் இதே குழல் போதும். .223 எல்லாக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார் அத்தான். பிறகு ஏன் யோசிக்க வேண்டும்?

டப்போவிலிருந்து திரும்பியவன்:
நானும் .223தான் சொல்லியிருப்பேன். 1964இல் .222இன் உடலை நீட்டிச் செய்ததுதான் அது. வேறுபாடு கொஞ்சம்தான். ஊர்க்கடையில் .222 இருக்காது, .223 கட்டாயம் இருக்கும்.

சுபேதார், அல்சூர்:
அங்கேதான் வம்பு. முறுக்கைப் பாருங்கள். 14 அங்குலம். குட்டையான குண்டைத்தான் அது நிலையாகச் சுழற்றும். அமெரிக்கர்களின் எம்-16 ராணுவ ரைஃபிள் முதலில் 14 அங்குல முறுக்கோடுதான் வந்தது. உறைபனிக் குளிரில் காற்று அடர்ந்ததும் குண்டு தள்ளாடியது. அதனால்தான் 12 ஆக்கினார்கள்.

பீன்யா கடைசல்காரன்:
இது எனக்குப் பிடித்த இடம். கிரீன்ஹில் என்ற கணிதப் பேராசிரியர் 1879இல் போட்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது. குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, அதை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். வேகமான குண்டுக்கு 150க்குப் பதில் 180. அத்தான் வெர்னியரில் அளந்து அனுப்பிய 50 கிரெய்ன் தட்டையடிக் குண்டு 0.64 அங்குலம். விடை 14.1. கத்தி முனையில் தப்பிக்கிறது. அடி குறுகிய 55 கிரெய்ன் குண்டு 0.74 அங்குலம். விடை 12.2. இந்தக் குழலுக்கு ஆகாது.

டப்போவிலிருந்து திரும்பியவன்:
சுபேதார் ஐயா சொல்வது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. கடையில் மலிவாகக் குவிந்திருக்கும் .223 பெட்டிகளில் பாதி அடி குறுகிய 55. மீதியில் பல 62 கிரெய்ன். அந்த 62 கிட்டத்தட்ட 0.9 அங்குல நீளம், அதற்கு 10 அங்குல முறுக்கு வேண்டும். ஒரு நாள் தோட்டா தீர்ந்துபோய்ப் பக்கத்துப் பண்ணையில் ஒரு பெட்டி கடன் வாங்குவார். தாளில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் போல நீளமாகக் கிழிந்திருக்கும். குண்டு பக்கவாட்டில் புரண்டு போய்ப் பட்ட அடையாளம் அது.

.222க்குக் கடையில் வருவது பெரும்பாலும் 50தான். 1950இல் ரெமிங்டனின் மைக் வாக்கர் அதை உருவாக்கிய நாளிலிருந்து அதன் வழக்கமான முறுக்கு 14. தவறான பெட்டி வாங்கும் வாய்ப்பு குறைவு. நான் .223 என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். மாதம் ஒரு முறை நகரத்துக்குப் போகும்போது .222ஐ மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பீன்யா கடைசல்காரன்:
.222 என்று முடிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. குழல் வாயருகே 21 மில்லிமீட்டர். எடைக்காக 16 ஆகக் கடைந்துவிடலாமா என்கிறார். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் போகும். ஐந்து மில்லிமீட்டரை எடுத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

சுபேதார், அல்சூர்:
விறைப்பு போகட்டும், நரிக்கு இரண்டு குண்டுக்கு மேல் எவன் சுடப் போகிறான்? குழலுக்குள் முறுக்கு வரிகளை எப்படிப் போட்டார்கள் என்று கேளுங்கள். பட்டன் என்ற கடினமான அச்சைத் துளை வழியாக இழுத்துப் போட்டிருந்தால் இரும்புக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். வெளியே கடைந்தால் வாய்ப்பக்கம் துளை விரியும். இறுக்கம் நீக்கச் சூடேற்றிய குழல் என்று எழுத்தில் இருந்தால் மட்டும் கடையலாம்.

பீன்யா கடைசல்காரன்:
எழுத்தில் இருக்கிறது. 17க்குக் கடைந்தாயிற்று. மொத்தம் 2.9 கிலோ.

பீன்யா கடைசல்காரன், பதினோரு வாரம் கழித்து:
மீண்டும் வந்திருக்கிறேன். 100 மீட்டரில் முதல் மூன்று குண்டுகள் ஒரே இடத்தில், நகக்கண் அளவு. நான்காவது மூன்று சென்டிமீட்டர் மேலே ஏறுகிறது, ஐந்தாவது இன்னும் மேலே. ஆறவிட்டால் மறுபடி சரி. கடையச் சொல்லிக் குழலைக் கெடுத்துவிட்டேனா?

சுபேதார், அல்சூர்:
குழலைத் திட்டாதீர்கள். ஒரு ரூபாய் நோட்டைக் குழலுக்கும் அதன் அடியிலிருக்கும் மரக்கட்டைக்கும் நடுவே விட்டு, முன்னாலிருந்து பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறது?

பீன்யா கடைசல்காரன்:
ஆஸ்திரேலிய நோட்டு பிளாஸ்டிக் ஐயா, நன்றாகவே நழுவியது. கட்டையின் நுனியிலிருந்து இரண்டு அங்குலத்தில், இடப்பக்கம் மாட்டிக்கொண்டது. மரம் அங்கே குழலைத் தொடுகிறது. சூடானதும் குழலை மேலே தள்ளுகிறது போலும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே எண்ணெய் பூசியிருக்கிறார்.

பீன்யா கடைசல்காரன், மறுநாள்:
ஐந்தும் ஒரே இடத்தில். ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து மூடலாம் என்கிறார். தாளைப் படமெடுத்து அக்கா அனுப்பியிருக்கிறாள். இந்த முறை நானே கேட்டேன்.