சின்ன வீடு, நாலு பேர்: அவசரத்துக்குத் தண்ணீரை எங்கேதான் வைப்பது?

மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான், மனைவி, அம்மா, ஐந்து வயதுப் பையன். சமீபத்தில் பக்கத்துத் தெருவில் பெரிய குழாய் உடைந்து தண்ணீர் நின்றுவிட்டது, எப்போது வரும் என்று கேட்டால் சொல்லவும் ஆளில்லை. அப்போதிருந்து வீட்டில் கொஞ்சம் தண்ணீரை எடுத்து வைத்தே ஆகவேண்டும் என்று பேச்சு ஓடுகிறது.

மச்சான், 200 லிட்டர் டிரம் ஒன்றை வாங்கிக் குளியலறை மூலையில் வை, கவலை விட்டது என்கிறார். அது உள்ளே வந்தால் நான் வெளியே என்கிறாள் மனைவி. உண்மையில் எவ்வளவு தண்ணீர் வேண்டும், எதில் பிடிப்பது, கட்டிலுக்கு அடியில் வைக்கலாமா, எத்தனை நாள் தாங்கும்? பியூரிஃபையர் தண்ணீரையே பிடித்து வைத்துவிட்டால் எந்த வம்பும் இல்லை என்று நினைக்கிறேன், சரிதானே?

கேன்மூடி:

உங்கள் வீட்டம்மா பக்கம்தான் நான். 200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ, அதுவும் ஒரே மூலையில். ஒருமுறை நிரப்பிவிட்டால் நகர்த்தவும் முடியாது, சாய்த்துக் கழுவவும் முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல், யாராவது ஒரு தடவை அழுக்குக் கையோடு சொம்பை உள்ளே விட்டால் மொத்த டிரம்மும் குடிக்க லாயக்கில்லாமல் போய்விடும். பத்து கேனில் வைத்திருந்தால் ஒரு கேன்தான் போகும்.

கணக்குக்கு வருவோம். அமெரிக்கப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது சுமார் 4 லிட்டர். குடிக்க, கொஞ்சம் சமைக்க, பல் துலக்க, கை கழுவ என்று எல்லாம் அதற்குள்தான், தாராளம் எல்லாம் இல்லை. நாலு பேர், மூன்று நாள், 48 லிட்டர். இதுதான் உங்கள் முதல் இலக்கு. இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொண்டால் நல்லது என்றும் சொல்வார்கள், ஆனால் அது 224 லிட்டர், ஒரு படுக்கையறை வீட்டில் அதை நினைத்துப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும், கடைசியில் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடுவோம். முதலில் 48ஐ வைத்துவிடுங்கள். வெயில் காலத்திலும், உடம்பு சரியில்லாதவர்களோ தாய்ப்பால் கொடுப்பவர்களோ இருந்தாலும் கூடுதலாக வேண்டும்.

எதில் பிடிப்பது என்றால், 5 லிட்டர் கேன். 20 லிட்டர் கேனை உங்கள் அம்மாவால் தூக்கிச் சாய்க்க முடியுமா? நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் தண்ணீர் நிற்கும், அதையும் சேர்த்து யோசியுங்கள். உணவுப்பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக்தானா என்று பார்த்து வாங்குங்கள். பால், பழச்சாறு வந்த பிளாஸ்டிக் பாட்டில்கள் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் அந்தப் புரதமும் சர்க்கரையும் முழுசாகப் போகாது, கிருமிக்கு அதுதான் தீனி. பினாயிலோ பூச்சிமருந்தோ வந்த கேனைத் தொடவே கூடாது.

கட்டிலுக்கு அடியில் தாராளமாக வைக்கலாம், வாங்குவதற்கு முன்னால் அந்த இடைவெளியை டேப் வைத்து அளந்துவிடுங்கள். கேனைப் படுக்கவைத்துத்தான் தள்ளமுடியும் என்றால் அதற்கு முன் ஒரு சோதனை: நிரப்பி, மூடியை இறுக்கி, பழைய செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி படுக்கப்போடுங்கள். காலையில் மூடிக்குக் கீழே தாள் சுருங்கி ஈர வட்டம் தெரிந்தால் அந்தக் கேன் நின்றபடி வைக்கத்தான் ஆகும், கட்டிலடிக்கு ஆகாது. உள்ளே வாஷர் வைத்த மூடிகள் பெரும்பாலும் தேறிவிடும். கட்டில் போக, பீரோவின் அடித்தட்டு, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில், கதவுக்குப் பின்னால் என்று பிரித்துப் பிரித்து வையுங்கள். பரண்மேல் மட்டும் வேண்டாம், அஞ்சு கிலோ தலையில் விழும்.

பால்கனியும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், வெயிலில் பிளாஸ்டிக்கும் வீணாகும். பெட்ரோல், தின்னர், பூச்சிமருந்து இருக்கும் அலமாரியிலும் வைக்காதீர்கள், அந்த ஆவி பிளாஸ்டிக் வழியாகவே உள்ளே இறங்கும்.

சொட்டுமருந்து:

மேலே சொன்னது எல்லாம் சரி. பியூரிஃபையர் கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடனே குடிக்க பியூரிஃபையர் தண்ணீர் நல்லதுதான். மாதக்கணக்கில் வைக்க, சுத்திகரித்து குளோரின் கலந்து வரும் குழாய்த் தண்ணீர்தான் மேல். அந்த மிச்சக் குளோரின்தான் கேனுக்குள் தப்பித்தவறி நுழைந்த கிருமி பெருகாமல் காவல் காக்கிறது. ஆர்ஓ இயந்திரத்தில் இருக்கும் கார்பன் வடிகட்டி முதல் வேலையாக அந்தக் குளோரினைத்தான் எடுத்துவிடும். ஆகவே சுத்தமாக இருக்கிறதே என்று அதைப் பிடித்து வைத்தால், காவலே இல்லாத தண்ணீரைத்தான் பூட்டி வைக்கிறீர்கள்.

முதலில் கேனைச் சோப்புப் போட்டுக் கழுவி அலசுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பிளீச், மணமோ நிறமோ சேர்க்காத சாதா திரவ பிளீச், கலந்து கேனுக்குள் ஊற்றி மூடி, எல்லாப் பக்கமும் படும்படி அரை நிமிடமாவது குலுக்கிக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அலசினால் போதும். மூடியையும் மறக்காதீர்கள், அதன் மரைக்குள்தான் வழவழப்பு ஒளிந்திருக்கும். கழிவறை கழுவும் அமிலத்தைப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள், பிளீச்சோடு சேர்ந்தால் விஷவாயு.

குழாயில் குளோரின் கலந்த தண்ணீர் வருகிறது என்றால் மேற்கொண்டு எதுவும் கலக்க வேண்டாம், பிடித்து மூடிவிடலாம். கிணறு, போர் தண்ணீர் என்றால், 5 முதல் 6 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச்சில் லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி அரை மணி நேரம் விட்டு முகர்ந்து பாருங்கள், லேசாகக் குளோரின் வாடை இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு, இன்னொரு கால் மணி நேரம். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டிவிடுங்கள். பாட்டிலில் என்ன சதவீதம் போட்டிருக்கிறது என்று படிக்காமல் சொட்டுக் கணக்கு போடாதீர்கள், பிளீச்சும் வருஷக்கணக்கில் கிடந்தால் வீரியம் போய்விடும்.

நாமே பிடித்து வைத்ததை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தேதியைக் கேன்மேல் எழுதுவதைவிட ஒரு டேப் ஒட்டி அதன்மேல் எழுதினால் உரித்துவிட்டு அடுத்த தேதி போடலாம். பழையதைக் கொட்ட வேண்டியதில்லை, துணி துவைக்க, தரை துடைக்க ஆகும். குடிக்கும்போது சப்பென்று இருந்தால் இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஆற்றினால் சரியாகிவிடும்.

டிரம்தாசன்:

எல்லாரும் சேர்ந்து அந்த மச்சானைக் கழற்றிவிட்டீர்கள். அவர் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. நாலு பேர் இருக்கும் வீட்டில் தண்ணீர் நின்றால் முதலில் நாறுவது கழிவறைதான். பழைய ஃபிளஷ் தொட்டி ஒரு தடவைக்கே 10 லிட்டர் வரை இழுக்கும். வாளியில் எடுத்து ஒரே வீச்சில் ஊற்றினால் அதில் பாதியிலேயே வேலை முடியும், அப்படியும் நாலு பேருக்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த 48 லிட்டர் எந்த மூலைக்கு? நிவாரண முகாம்களுக்கு என்று ஸ்ஃபியர் கையேடு வகுத்த குறைந்தபட்ச அளவே ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குடிதண்ணீர் கணக்கு வேறு, புழக்கத் தண்ணீர் கணக்கு வேறு. 200 வேண்டாம், 60 லிட்டர் மூடிபோட்ட டிரம் ஒன்று குளியலறையில் இருக்கட்டும், தினமும் அதிலிருந்தே குளித்து அன்றன்றே நிரப்பிவிடுங்கள். தண்ணீரும் தேங்காது, தேதி எழுதும் வேலையும் இல்லை.

சொட்டுமருந்து:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மூடி இறுக்கமாக இருக்கவேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உள்சுவரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும், அது காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உள்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். 60 லிட்டர் என்றால் சாய்த்துத் தேய்க்கலாம். 200ஐ யார் தேய்ப்பது?

ஐஸ்கட்டி:

இரண்டு சின்ன விஷயம். ஃப்ரீசரில் காலி இடம் இருந்தால் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வையுங்கள், கரண்ட் போனாலும் உள்ளே குளிர் தங்கும், உருகினால் குடிதண்ணீர். முழுக்க நிரப்பக் கூடாது, உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், மேலே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரலாவது இடம் விடுங்கள். இன்னொன்று, தொட்டி வைத்த கீசர் இருந்தால் அதற்குள் 15, 25 லிட்டர் எப்போதும் நிற்கிறது. யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாம்மாடி:

இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லாருக்கும் நன்றி. கட்டிலடி அளந்தாயிற்று, 5 லிட்டர் கேன் படுக்கவைத்தால் இரண்டு வரிசை போகும். 60 லிட்டர் டிரம்முக்கு மேலிடத்து அனுமதியும் கிடைத்துவிட்டது, மச்சானிடம் சொன்னால் பாதி வெற்றி என்று எடுத்துக்கொள்வார். ஒரு சந்தேகம்: எங்கள் கீசர் 15 லிட்டர். தண்ணீர் நின்ற அன்று சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. அப்படியானால் உள்ளே எதுவும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஐஸ்கட்டி:

இல்லை, அநேகமாக உள்ளே நிறையவே இருந்திருக்கும். சுவரில் மாட்டும் கீசரில் சுடுதண்ணீர் தொட்டியின் மேல்பகுதியிலிருந்துதான் வெளியே போகும், கீழேயிருந்து புதுத் தண்ணீர் தள்ளினால்தான் மேலே இருப்பது வரும். தள்ள ஆள் இல்லாதபோது குழாயைத் திறந்தால் ஒன்றும் வராது. எடுக்கவேண்டும் என்றால் முதலில் கரண்டை அணைத்துவிட்டு நன்றாக ஆறவிடுங்கள். பிறகு உள்ளே வரும் குழாயின் வால்வை மூடி, காற்று நுழைய சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, தொட்டிக்கு அடியில் உள்ள வடிகால் வழியாக எடுக்கவேண்டும். சில மாடல்களில் பாதுகாப்பு வால்வில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தூக்கினால் அதே வழியில் வடியும். உங்களுடையதில் எது என்று ஒரு சாவகாசமான நாளில் பிளம்பரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது துருவும் மண்டியுமாக இருக்கலாம், அதைக் கழிவறைக்கு வைத்துக்கொள்ளலாம், குடிப்பதாக இருந்தால் மீதியைக் கொதிக்கவைத்துவிடுங்கள், தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம். தண்ணீர் திரும்ப வந்ததும், சுடுதண்ணீர்க் குழாயில் விட்டுவிட்டு வராமல் சீராக வரும்வரை கீசர் சுவிட்சைப் போடவே போடாதீர்கள், காலித் தொட்டியில் காயில் எரிந்துவிடும்.