1813-ல் கண் விழிக்கும் நாயகி ஏன் எப்போதும் மாளிகையில்?

கடலோடி:
லாரி வியேரா ரிக்லர் 2007-ல் எழுதிய ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஜேன் ஆஸ்டின் அடிக்ட்’ படித்து முடித்தேன். நம் காலத்து லாஸ் ஏஞ்சலஸில் வாழும் கோர்ட்னி, அந்தக் கால ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கதைகளில் ஊறியவள். ஒருநாள் கண் விழித்துப் பார்த்தால் 1813-ம் வருட இங்கிலாந்து. ஜேன் என்ற வசதியான வீட்டுப் பெண்ணின் உடம்புக்குள் இருக்கிறாள். விறுவிறுப்பான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி நாவல்களில் காலம் தாண்டிப் போகிறவள் ஏன் எப்போதும் மாளிகையிலேயே போய் இறங்குகிறாள்? அவள் குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் யாரோ ஒருத்தி அடுப்பில் காய்ச்சி, வாளி வாளியாக மாடிக்குச் சுமக்க வேண்டும். குளித்து முடித்ததும் அழுக்குத் தண்ணீரைத் திரும்பக் கீழே இறக்க வேண்டும். பின்னல் தறியை உடைத்த தொழிலாளிக்குத் தூக்கு என்று 1812-ல் சட்டம் போட்ட நாடு அது. அந்த நாட்டை நாவலில் தேடினாலும் காணோம்.

நிலாமதி:
நீங்கள் கேட்பது வேறொரு நாவலை, சகோ. இந்த நாவலின் விஷயமே, மாளிகைக்குள் இருப்பவள் கையிலும் ஒன்றும் இல்லை என்பதுதான். ஒரு கடிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1840 வரை இங்கிலாந்தில் தபால் கூலியைப் பெரும்பாலும் வாங்குபவர்தான் கொடுத்தார். அதுவும் எத்தனை தாள் என்று கணக்குப் பார்த்து. அதனால்தான் ஒரே தாளில் நேராக எழுதிவிட்டு, காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காகவும் எழுதினார்கள். கையில் காசில்லாத மகளுக்குத் தோழியின் கடிதம் வந்தால் அப்பாதான் பையைத் திறக்க வேண்டும். கல்யாணமாகாத பெண் ஓர் ஆணுக்குக் கடிதம் போட்டால் நிச்சயம் ஆகிவிட்டது என்றே ஊர் பேசும். சொந்தச் சம்பளமும் வீட்டுச் சாவியும் வைத்திருந்த கோர்ட்னி இதில் வந்து மாட்டுகிறாள். இது சின்ன விஷயமா?

விவாகரத்தையும் பாருங்கள். 1857 வரை, மறுமணம் செய்ய முடிகிற மாதிரி விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் நிறைவேற வேண்டும். அப்படி முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்ததே 1801-ல். அதன் பிறகும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கடலோடி:
சட்டத்தை நான் மறுக்கவில்லை. கல்யாணமானால் மனைவியின் பணம் கணவன் கைக்குப் போகும் என்பதும் அன்றைய சட்டம்தான். ஆனால் மகளின் பங்கு மாப்பிள்ளை கைக்குப் போகாதபடி பணக்கார அப்பாக்கள் கல்யாணத்துக்கு முன்பே பத்திரம் எழுதிக் காப்பாற்றினார்கள். பாத்திரம் தேய்த்துச் சம்பாதித்தவளுக்கு அந்த வழியும் கிடையாது. அவள் கூலியே சட்டப்படி கணவனுடையது. 1870-ல் சட்டம் வந்த பிறகுதான் அது அவளுடையதானது. ஒரே கொடுமை என்றாலும் கீழே இருப்பவள் மேல்தான் அதிகம் விழுந்தது. அதை எழுதாமல் விட்டால் பாதி உண்மைதான்.

வைகறை:
நான் பிரசவ வார்டில் செவிலியர். நீங்கள் இருவரும் பேசாத ஒன்று, உடம்பு. அங்கே மாளிகையும் காப்பாற்றாது. இங்கிலாந்து இளவரசி சார்லட் அரியணைக்கே வாரிசாக இருந்தவர். கர்ப்பமாக இருந்தபோது மருத்துவர்கள் சாப்பாட்டைக் குறைத்தார்கள், உடம்பிலிருந்து ரத்தத்தையும் எடுத்தார்கள். 1817 நவம்பரில் ஏறக்குறைய 50 மணி நேரம் வலியில் கிடந்தார். குழந்தை இறந்தே பிறந்தது. சில மணி நேரத்தில் அவரும் போய்விட்டார். வயது 21. நாட்டின் தலைசிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்துமே இந்தக் கதி. நடனமும் காதலும் வரும் பக்கங்களைப் புரட்டும்போதெல்லாம், இவளுக்குக் கல்யாணமானால் அடுத்த வருஷம் என்ன ஆகும் என்றுதான் எனக்கு ஓடுகிறது. அந்தப் பயத்தை நாவல் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் கடலோடி பக்கம்.

நிலாமதி:
வைகறை சொன்னது நெஞ்சை என்னவோ செய்கிறது. ஆனாலும் என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை. எல்லாத் துயரத்தையும் ஒரே நாவலில் ஏற்றினால் அது ஆவணமாகிவிடும். கோர்ட்னியைப் போன்ற வாசகியை அந்தக் காலத்துக்குள் இழுத்துப் போட முதலில் அவளுக்குத் தெரிந்த வாசல் வேண்டும். ஆஸ்டின் நாவல்களின் வரவேற்பறைதான் அந்த வாசல். கடலோடி, 2009-ல் வந்த அடுத்த பாகத்தையும் படியுங்கள். அதில் ஜேன் லாஸ் ஏஞ்சலஸுக்கு வருகிறாள்.

கடலோடி:
கட்டாயம் படிக்கிறேன். ஆனால் அடுப்பங்கரையில் கண் விழிக்கிற நாயகியை யாராவது எழுதும்வரை நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். ஆஸ்டினைக் கரைத்துக் குடித்திருந்தாலும் முதல் நாள் காலையில் அவளுக்கு அது உதவாது. உரசினால் பற்றும் தீக்குச்சியே 1827-ல்தான் விற்பனைக்கு வந்தது. இருட்டில் சக்கிமுக்கிக் கல்லைத் தட்டி, கருகிய துணியில் பொறி பிடிக்க வைக்க அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.