டேப்போடு உரிந்து வரும் மை

கேள்வி: பாலிப்ரொப்பிலீன் படலத்தில் அச்சிட்ட மை, செலோடேப்பை ஒட்டி இழுத்தால் அப்படியே உரிந்து வருகிறது. கொரோனா ஏற்றிய (மை பிடிக்க மின்னிறக்கத்தால் மேற்பரப்பைப் பதப்படுத்திய) சுருள் என்றுதான் வாங்கினேன். ஐந்து மாதம் கிடங்கில் கிடந்தது. மையை மாற்றிவிடவா?

பதில்: மையைப் பழிக்காதீர்கள் ஐயா. 38 டைன் பேனாவால் (மேற்பரப்பு மையை ஏற்குமா என்று சோதிக்கும் திரவப் பேனா; எண் அத்திரவத்தின் பரப்பு இழுவிசை) ஒரு கோடு இழுங்கள். இரண்டு விநாடி கலையாமல் நின்றால் சரி. முத்து முத்தாகத் திரண்டால், ஏற்றியது இறங்கிவிட்டது. மேற்பரப்பில் பதிந்த ஆக்சிஜன் தொகுதிகள் நாளடைவில் உட்பக்கம் திரும்பிவிடும்; படலம் ஒட்டாமல் வழுக்கிச் செல்ல அதில் கலந்த வழுக்குப் பொருளும் மேலே கசியும்.

கேட்டவர்: இழுத்தேன். தாமரை இலைத் தண்ணீர்தான்! திறனைக் கூட்டி மறுபடி ஏற்றலாமா?

இன்னொருவர்: ஏற்றலாம், அச்சுக்குச் சற்று முன்பாக. கூட்டித் தள்ள மட்டும் வேண்டாம். நான் தள்ளினேன்: பேனாக் கோடு அழகாக நின்றது, மை உரிந்தது. படலத்தின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, ஈரத்துணிக்கே கையோடு வந்துவிடும் பலவீனமான அடுக்கு உண்டாகியிருந்தது. அதுசரி, ஏற்றிய பக்கத்தில்தானே அச்சிட்டீர்கள்?